கொம்பனி மூடிய பாவைப்பிள்ளையை யாரிடம் கொண்டுபோவது?

பழைய இங்கிலாந்துப் பாவைப்பிள்ளைகள் பலவற்றின் பின்கழுத்தை விரலால் தடவினால் 'பெடிகிரி, மேட் இன் இங்கிலண்ட்' என்ற எழுத்துத் தட்டுப்படும். புதிதாகச் சேகரிக்கத் தொடங்கியவர்கள் அதைக் கண்டதும் செய்கிற முதல் வேலை, அந்தப் பெயரை இப்போது வைத்திருப்பவர்கள் யார் என்று தேடி ஒரு மின்னஞ்சல் போடுவது. பதில் வந்தாலும் பிரயோசனம் இல்லை. பெடிகிரி என்பது லைன்ஸ் பிரதர்ஸ் என்ற பெரிய விளையாட்டுப்பொருள் கொம்பனியின் ஒரு கிளை. ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரியது என்று பெயர் எடுத்த அந்தக் கொம்பனி 1971இல் கவிழ்ந்தது. 1963இல் அவர்கள் சந்தைக்கு விட்ட சிண்டி என்ற பொம்மையின் பெயர் அதற்குப் பிறகு கைமாறிக் கைமாறி, 1980களில் ஹாஸ்ப்ரோ என்ற அமெரிக்க விளையாட்டுப்பொருள் கொம்பனிவரை போனது. பெயருக்கு எப்போதும் வாங்குகிற ஆள் இருக்கும். உதிரிப்பாகத்தையும், அதைப் பூட்டத் தெரிந்த வேலையாட்களையும் யார் வாங்குவார்கள்?

லிஸ்பன் நகரில் 1830 முதல் ஒரு பொம்மை வைத்தியசாலை இருக்கிறது. சிட்னியில் 1913இல் தொடங்கியது இன்னொன்று. கொழும்பில் அப்படிப் பெயர்ப்பலகை போட்ட ஒரு கடையை நான் கண்டதில்லை. மருதானையிலிருந்து வெள்ளவத்தைவரை எந்தக் கடையில் விசாரித்தாலும் "பொம்மையா? புதுசு ஒன்று வாங்குங்களேன்" என்றுதான் சொல்லுவார்கள். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பதே வீண். பொம்மை திருத்துகிறவர் என்று ஒருவரைத் தேடிப் பயனில்லை. பொம்மையைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பாருங்கள்: இழுத்துக் கட்டிய இலாஸ்டிக், வளைத்த கம்பி, பிளாஸ்டர் ஒஃப் பரிஸ் சாந்தில் பதித்த கண், வலையில் தைத்த மயிர், வர்ணம். இந்த ஒவ்வொரு வேலையையும் வேறு ஏதோ ஒரு காரணத்துக்காகத் தினமும் செய்கிறவர் கொழும்பில் இருக்கிறார். கொட்டாஞ்சேனைக்கும் புறக்கோட்டைக்கும் நடுவிலேயே பாதிப் பேரைப் பிடித்துவிடலாம்.

என்னிடம் வருகிறவை பெரும்பாலும் பறங்கியர் வீட்டுப் பொம்மைகள். 1956க்குப் பிறகு அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய குடும்பங்கள், பெட்டியில் இடமில்லாமல் அயல்வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் போனவை. அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பம்பலப்பிட்டி, தெகிவளைப் பக்கத்துப் பழைய வீடுகளை இடித்துத் தொடர்மாடி கட்டும்போது, மாடி அறை அலுமாரியிலிருந்து ஒரு கை தொங்கிய நிலையில் இவை வெளியே வரும். சேகரிப்பவர் என்று நான்கு பேருக்குத் தெரிந்துவிட்டால் போதும், தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும்.

வந்ததும் முதலில் செய்ய வேண்டியது மணந்து பார்ப்பது. சிரிக்க வேண்டாம். முதுகிலோ அக்குளிலோ மறைவான ஓர் இடத்தைக் கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து, உடனே மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோங்கள். கற்பூர வாசம் வந்தால் செலுலோயிட் என்ற பழைய பிளாஸ்டிக். எளிதில் தீப்பிடிக்கும் சாமான் அது. சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அந்த வேலையே வேண்டாம். சாமியறை விளக்குப் பக்கத்து அலுமாரியில் வைக்கவும் வேண்டாம். வினாகிரி வாசம் வந்தால் அது செலுலோஸ் அசிற்றேற், அதுவும் சிதையத் தொடங்கிவிட்டது. 1940களின் கடைசியிலும் 50களிலும் இங்கிலாந்தில் செய்த கெட்டிப் பிளாஸ்டிக் பொம்மைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். கன்னத்தில் வைத்தால் குளிர்ந்து, நகத்தால் தட்டினால் கோப்பைச் சத்தம் கேட்டால் மெருகிடாத பீங்கான், பெரும்பாலும் ஜேர்மனியில் செய்தது. மேற்பூச்சில் மயிரிழை வெடிப்புகள் ஓடி, உடைந்த இடத்தில் மரத்தூள் தெரிந்தால் அது மரத்தூளையும் பசையையும் குழைத்து அச்சில் அழுத்தியது. அதற்குத் தண்ணீர் நஞ்சு, ஈரத்துணிகூடக் காட்டக் கூடாது. அழுத்தினால் அமுங்கினால் வினைல்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஒன்றுக்கு மருந்தாவது மற்றதைக் கொன்றுவிடும். அசிற்றோன், அதாவது நகப்பூச்சு அழிக்கிற திரவத்தில் வழக்கமாக இருப்பது, பீங்கான் முகத்தை ஒன்றும் செய்யாது. சூளையில் சுட்ட வர்ணம் அசையாது. அதே பஞ்சுத் துண்டை பெடிகிரி பொம்மையின் கன்னத்தில் வைத்தால் கன்னம் கரைந்து பஞ்சோடு வந்துவிடும்.

வினாகிரி வாசம் அடிக்கிறதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொழும்பின் வெக்கையும் ஈரமும் அதற்கு மிகவும் பிடித்தமானவை. பிளாஸ்டிக்கிலிருந்து அசற்றிக் அமிலம் கழன்று ஆவியாக வருகிறது. அந்த ஆவியே சிதைவை இன்னும் வேகப்படுத்துகிறது, பக்கத்தில் இருக்கிற நல்ல பொம்மையையும் தொற்றுகிறது. ஆகவே பிளாஸ்டிக் பையில் கட்டி, மூடி இறுக்கிய பெட்டியில் பத்திரமாக வைத்தோம் என்று நினைப்பதுதான் அதற்குச் செய்கிற பெரிய கெடுதல். காற்றோட்டமான இடத்தில் தனியாக வையுங்கள். இதற்கு மாற்று மருந்து கிடையாது, வேகத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். இன்னொன்று: மூடித் திறக்கிற கண் உள்ள பொம்மைகளின் தலைக்குள் கண்ணைச் சாய்க்க ஓர் ஈயக் குண்டு இருக்கும். அமில ஆவி பட்ட ஈயம் வெள்ளைத் தூளாக உதிரும். தலையைக் கழற்றும்போது உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்தால் ஊதாதீர்கள், அது ஈயம். கையுறை போட்டு, ஈரத் தாளால் ஒற்றி எடுத்து, பையில் கட்டி எறியுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்த வேலையை அவர்கள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, திருத்த வேலைக்கு வருவோம். மிகச் சாதாரண வருத்தம், கை கழன்று தொங்குவது. உள்ளே ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு ஓடும் இலாஸ்டிக் இற்றுப்போயிருக்கும். இறப்பர் வெப்பத்துக்கும் காற்றுக்கும் இற்றுப்போகிற சாமான். 1876இல் இந்த நாட்டின் முதல் இறப்பர் மரங்களை நட்ட ஹெனரத்கொடைத் தோட்டம் கொழும்பிலிருந்து கொஞ்ச நேர ரயில் தூரம், ஆனாலும் கொழும்பில் ஓர் இறப்பர் வளையம் நாலைந்து வருடம் தாங்கினால் பெரிய காரியம். துணி சுற்றிய உருண்டை இலாஸ்டிக் வாங்குங்கள். இருபது அங்குலப் பொம்மைக்கு 3 மில்லிமீற்றர் அளவு சரியாக வரும். புறக்கோட்டையில் கெய்சர் வீதியிலும் குறுக்குத் தெருக்களிலும் உள்ள தையல் சாமான் கடைகளில் யார் என்று கேட்காமலே வெட்டித் தருவார்கள். தேசிய வைத்தியசாலைப் பக்கத்து மருத்துவ உபகரணக் கடையில் பிடித்தால் பூட்டிக்கொள்கிற நீளமான ஃபோர்செப்ஸ் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் கழுத்துத் துளை வழியாக இலாஸ்டிக்கை இழுக்கப் போனால் பொறுமைதான் கழன்று விழும்.

எவ்வளவு இறுக்கம் என்பதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. கையை உயர்த்தி விட்டால் அது நின்ற இடத்தில் நிற்க வேண்டும். தானாக விழுந்தால் தளர்வு, படீரென்று அடித்துத் திரும்பினால் அதிக இறுக்கம். அறுபது எழுபது வருடப் பிளாஸ்டிக் தோள், அந்த இறுக்கத்தைக் கொஞ்ச நாள் தாங்கிவிட்டு வட்டமாக வெடிக்கும். தளர்வாக இருப்பது எப்போதுமே மேல்.

இலாஸ்டிக்கைக் கையில் மாட்டுகிற கொக்கிதான் எனக்கு நீண்ட நாள் தலையிடி. பழைய இரும்புக் கொக்கி துருப்பிடித்து அக்குளில் மண்ணிறக் கறையாக இறங்கியிருக்கும். சந்தையில் கிடைக்கிற கொக்கி எதுவும் அளவுக்கு வரவில்லை. செட்டியார் தெருவில் எங்கள் வீட்டு நகை வேலை செய்கிற பத்தரிடம் கொண்டுபோனேன். கை இல்லாத பொம்மையை மேசையில் வைத்ததும் பட்டறைப் பொடியன் எழும்பி நின்று பார்த்தான். "எத்தனை பவுணில அக்கா?" என்று கேட்டு அவனே சிரித்தான்.

பத்தர் சிரிக்கவில்லை. துருப்பிடித்த பழைய கொக்கியை எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "பித்தளையில செய்யவா அம்மா?" என்றார். பித்தளை அமில ஆவியில் பச்சை பூக்கும், பிளாஸ்டிக்கில் அந்தப் பச்சை ஏறினால் போகாது. செம்பு கலந்த தோடு போட்ட பழைய பார்பிகளுக்குக் காது பச்சையாகிப் போனது இதே காரணத்தால்தான். அதைச் சொன்னேன். "அப்ப வெள்ளி?" என்றார். வெள்ளி இந்த இழுவைக்கு நிமிர்ந்துவிடும் என்று அவரே தலையாட்டிக்கொண்டார். கடைசியில், கட்டுப்பல் செய்கிறவர்கள் கொளுவி வளைக்கிற துருப்பிடிக்காத உருக்குக் கம்பி வாங்கி வரச் சொன்னார். வாங்கிக் கொடுத்தேன். "இது வளையாத சாமான், என்ரை குறடு போயிடும்" என்று முணுமுணுத்தபடியே, மோதிரம் வளைக்கிற கட்டையில் வைத்து 'எஸ்' வடிவத்தில் வளைத்தார். பிறகு யாரும் சொல்லாமலே இரண்டு முனைகளையும் அரத்தால் உருட்டி, தன் உள்ளங்கையில் கீறிப் பார்த்தார். கீறவில்லை. நான் கேட்க நினைக்காத விஷயம் அது. கூர்முனை இலாஸ்டிக்கின் துணியை அறுத்துவிடும். நகை உடம்பில் குத்தக் கூடாது என்ற பழக்கம் கையில் ஊறியவருக்குத்தான் அது தோன்றும். அன்றிலிருந்து ஒரு வேலையைக் கொடுக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன், எப்படிச் செய்வது என்பதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

கண் வேறு கதை. பம்பலப்பிட்டியில் ஓர் அன்ரியின் பாட்டியிடமிருந்து வந்த ஜேர்மன் பீங்கான் பொம்மை. பின்தலையில் ஆர்மண்ட் மார்செய் என்ற பெயர், கீழே 390 என்ற அச்சு இலக்கம். துரிங்கியா மாநிலத்தில் ஸோன்னபேர்க் ஊர்ப்பக்கம் செய்தவை இவை. உலகம் முழுக்க ஏராளமாகப் போனதால் பெரிய விலை இல்லை, ஆனால் அந்த அன்ரிக்கு அது பாட்டி. கண் இரண்டும் உள்ளே விழுந்திருந்தன. அதற்கு முன்பே அதை ஒரு திருத்துமிடத்தில் கொடுத்து வாங்கியிருந்தார்கள். அங்கே கண்ணைச் சுப்பர் குளூவால் நிலையாக ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியதும் கழன்றுவிட்டது, கண்ணாடியில் வெள்ளை மூட்டம் படிந்ததுதான் மிச்சம். சுப்பர் குளூ காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துத்தான் இறுகுகிறது. அது இறுகும்போது கிளம்பும் ஆவி பக்கத்தில் வெள்ளைப் படலமாக இறங்கும். கொழும்பு ஈரத்தில் அது இன்னும் கூட. பொம்மைக்குக் கிட்ட அந்தச் சின்னக் குழாயைக் கொண்டுவருகிறவர் யாராக இருந்தாலும் பொம்மையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் பக்கம் சுரூபங்கள் திருத்துகிற ஒரு பெரியவர் இருக்கிறார். சாந்துச் சுரூபத்தின் உடைந்த விரலைக் கட்டுவது, மங்கிய முகத்துக்கு வர்ணம் தீட்டுவது, கண்ணாடிக் கண் விழுந்தால் திரும்பப் பதிப்பது, இதெல்லாம் அவர் வேலை. தலையை மட்டும் துணியில் சுற்றிக் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மகள், இது கண் மூடுற சாதியோ?"

"ஓம் அங்கிள், படுக்க வைச்சா மூடும்."

"எங்கட ஆக்கள் ஒருத்தரும் கண் மூட மாட்டினம்" என்று சொல்லிவிட்டு, உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்க்கத் தொடங்கினார்.

அவர் செய்த ஒழுங்கை எழுதிவைக்கிறேன், இந்த வகைப் பொம்மை வைத்திருக்கிற எல்லாருக்கும் உதவும். முதலில் மயிர்த்தொப்பியையும் அதன் அடியில் உச்சித் துளையை மூடியிருந்த அட்டையையும் ஈர ஆவி காட்டி மெதுவாகக் கழற்றினார். உள்ளே இரண்டு கண்களும் ஒரே கம்பியில், நடுவில் ஈயக் குண்டு தொங்க, ஒரு துண்டாகக் கிடந்தன. அதை எடுத்து, கண்ணாடியிலிருந்த வெள்ளை மூட்டத்தையும் குளூக் கட்டியையும் அசிற்றோன் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்தார். இமையில் மெழுகும் வர்ணமும் இருந்ததால் அந்தப் பக்கம் போகவில்லை. நெற்றிப் பொட்டுக்கு உட்புறம், இரு பக்கமும் கம்பி முனை சுழன்ற பழைய சாந்துக் கட்டிகள் உடைந்திருந்தன. அவற்றைச் சொட்டுத் தண்ணீர் விட்டு ஊறவைத்துப் பெயர்த்தார். அப்புறம் கம்பி முனைகளில் வஸ்லின் தடவி, கண்ணைக் குழியில் பொருத்தி, தயிர்ப் பதத்தில் குழைத்த சாந்தைப் பக்கத்துக்கு ஒரு சிட்டிகை வைத்தார். வஸ்லின் இருப்பதால் சாந்து கம்பியைப் பிடிக்காது, கம்பி அதற்குள் சுழலும்.

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தபோது, தாடைக்குள் விரலை விட்டுத் தடவினார். "இதில ஏதோ ஒட்டியிருந்திருக்கு" என்றார். சரிதான். ஈயக் குண்டு ஊசலாடி முகத்தின் உட்புறத்தில் இடிக்காமல் இருக்க, தாடைக்குள் ஒரு தக்கைத் துண்டை ஒட்டி அனுப்புவார்கள். அது விழுந்துவிட்டால் பொம்மையைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் ஈயம் பீங்கானில் இடிக்கும். அப்படித்தான் பல முகங்களில் வெடிப்பு விழுகிறது. போத்தல் தக்கையில் ஒரு துண்டு சீவி ஒட்டினார். சாந்து காயும்வரை உச்சியை மூட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார், அது மழைக்காலம், காய ஒரு வாரத்துக்கு மேல் போனது. மூடித் திறக்கும் கண் உள்ள பீங்கான் பொம்மையை அலுமாரியில் மல்லாக்கப் போடாமல் குப்புறக் கிடத்துங்கள். கண் திறந்தபடி இருக்கும், ஈயத்தின் பாரம் சாந்தைப் பெயர்க்காது. தலையில் கண் சத்தம் போடுகிறதா என்று காதுக்குக் கிட்டக் குலுக்கிப் பார்க்கவே கூடாது. வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்!

கெட்டிப் பிளாஸ்டிக் பொம்மைகளின் கண் இவ்வளவு தாராளமில்லை. தலை இரண்டு பாதியாக ஒட்டியது, உச்சியில் வழியில்லை, கழுத்துத் துளையால்தான் எல்லாம். கண் இறுகிப்போனால் பெரும்பாலும் துருதான் காரணம். ஆகவே தலையைத் தண்ணீரில் முக்கிக் கழுவாதீர்கள். மங்கிய கண்ணில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் பளிச்சென்று தெரியும் என்று பழைய சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். தெரியும்தான், கொஞ்ச நாளைக்கு. விற்கிறவர்கள் படம் எடுப்பதற்கு முன் செய்கிற வேலை அது. ஒன்லைனில் வாங்கும்போது கண் ஈரமாக மினுங்கினால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேளுங்கள்.

மயிருக்கு வெள்ளவத்தை. காலி வீதியில் பரதநாட்டிய உடுப்பும் நகையும் விற்கிற கடைகளில் சவுரி கிடைக்கும். நைலோன் சவுரி வேண்டாம், இழை தடித்து மினுங்கும். சின்னத் தலையில் அது கயிறாகத்தான் தெரியும். உண்மையான மயிர்ச் சவுரி ஜேர்மன் பொம்மைக்குப் பொருந்தும், அவற்றில் பலவும் மனித மயிர்த்தொப்பியோடு வந்தவைதானே. அங்கோரா ஆட்டு மயிர் வைத்து வந்த பொம்மைகளுக்கு இது பொருந்தாது, அதற்கு லண்டனைத்தான் நம்ப வேண்டும். தலையைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றி, அதன் மேல் பருத்தி வலையை அச்சுப்போல் பொருத்தி, கழுத்துப் பக்கத்திலிருந்து உச்சி நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைக்க வேண்டும். நடன அலங்காரம் செய்கிற ஓர் அக்கா எனக்கு இதைச் செய்து தருகிறார். தலையில் ஒட்டப் பசை வேண்டாம். வலையின் விளிம்பில் மெல்லிய இலாஸ்டிக் வைத்தால் போதும். மாப் பசை வைத்தால் கரப்பானும் வெள்ளிப் பூச்சியும் விருந்துக்கு வரும். எவ்வளவு கொட்டுண்டு போயிருந்தாலும் பழைய மயிரை எறியாதீர்கள், கடதாசி உறையில் பொம்மையோடேயே வையுங்கள். பின்னால் வாங்குகிறவருக்கு அது பெரிய விஷயம்.

உடைந்த விரலுக்குக் கட்டுப்பல் செய்கிறவர். அதே அச்சுப் பொம்மை வைத்திருக்கிற யாரிடமாவது அதே பக்கத்துக் கையை ஒரு மணித்தியாலம் இரவல் வாங்கி, பல் அளவெடுக்கிற சாந்தில் அச்செடுத்து, அக்ரிலிக்கில் வார்த்துத் தருவார். வலக்கைக்கு இடக்கை அச்சு உதவாது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனால் அவசரத்தில் இடக்கையைக் கொண்டு வந்த நண்பர் எனக்கு இருக்கிறார். நிறத்தைச் சுரூபக்கார அங்கிள் சேர்ப்பார்.

வினைல் பொம்மைகளில் எனக்கு ஆர்வம் குறைவு, சுருக்கமாகச் சொல்கிறேன். ஒட்டுகிற பிசுபிசுப்பு, உள்ளிருக்கும் மென்மையாக்கி வெளியே கசிவது. இளஞ்சூட்டுத் தண்ணீரும் ஒரு துளி சவர்க்காரமும் போட்டுத் துடைக்கலாம், திரும்ப வரும். அந்தக் கசிவு பொலிஸ்ரைரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும், அதனால் வினைல் பொம்மையைப் பிளாஸ்டிக் தொட்டிலில் படுக்கவைத்து வருடக்கணக்கில் விடக் கூடாது. பேனைக் கிறுக்கலுக்கு, பருவுக்குப் பூசுகிற பென்சோயில் பெரொக்சைட் களிம்பு பாமசியில் கிடைக்கும். கிறுக்கலின் மேல் மட்டும் பூசி வெளிச்சத்தில் வைத்தால் மை மங்கும். கொழும்பு வெயிலில் அது வேகமாக வேலை செய்யும், மையோடு சேர்த்துத் தோலின் நிறத்தையும் எடுத்துவிடும். அடிக்கடி எழும்பிப் போய்ப் பாருங்கள்.

இங்கே செய்ய முடியாததற்கு ஒரே வழி, உதிரிக்காக இன்னொரு பொம்மை வாங்குவது. இங்கிலாந்தில் ஏலத் தளங்களில் 'உதிரிக்கு மட்டும்' என்று போட்டு மலிவாகத் தள்ளிவிடுவார்கள். உயரத்தை அங்குலத்தில் கேளுங்கள், அவர்கள் அச்சு அங்குலத்தில்தான். பின்கழுத்து எழுத்தின் படம், தோள் துளையின் உட்புறப் படம் இரண்டும் கேட்டு வாங்குங்கள். வாசம் எப்படி என்று கட்டாயம் கேளுங்கள். வினாகிரி வாசம் உள்ளதை உதிரிக்கென்றும் வாங்க வேண்டாம், நல்லதையும் கெடுக்கும். 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்து, 2022இல் டொலர் முட்டுப்பட்ட காலத்தில் இந்த வழியும் எனக்கு அடைத்துப்போனது. சிறிய கண் சோடியோ மயிர்த்தொப்பியோ என்றால் லண்டனில் இருக்கிற மச்சாளின் பயணப்பெட்டிதான் இன்றுவரை நம்பிக்கையான தபால். செலுலோயிட் பொம்மையை மட்டும் அப்படிக் கொண்டுவரச் சொல்லாதீர்கள், தீப்பிடிக்கும் சாமான் விமானத்தில் வேண்டாம்.

எதைத் திருத்தாமல் விடுவது என்பதும் ஒரு கேள்வி. கன்னத்து வர்ணம் மங்கியிருப்பதற்கு நான் கை வைப்பதில்லை. மரத்தூள் பொம்மையின் மயிரிழை வெடிப்பையும் அப்படியே விட்டுவிடுவேன். முழுக்கப் புதிதாக வர்ணம் தீட்டிய முகம் வீட்டில் வைத்துப் பார்ப்பதற்குச் சரி, சேகரிப்பில் அதற்கு மதிப்பு இறங்கும். விற்கும்போது என்ன மாற்றியது, யார் மாற்றியது என்பதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். நான் ஒவ்வொரு வேலைக்கும் பென்சிலில் ஒரு துண்டு எழுதி, சட்டைப் பையிலோ உடுப்பின் உட்புறத்திலோ வைத்துவிடுகிறேன்: திகதி, மாற்றிய பாகம், பாவித்த பசை. பேனையால் எழுதினால் ஈரத்தில் மை இறங்கும்.

கூலி பேசுவதில் ஒரு சங்கடம் உண்டு. இவர்களில் யாருக்கும் இந்த வேலைக்கு விலை தெரியாது. "பிள்ளையின்ர விளையாட்டுச் சாமானுக்கு என்ன காசு" என்று சிலர் வாங்கவே மாட்டார்கள். அப்படி விட்டுவிட்டால் அடுத்த தடவை போகக் கூச்சமாக இருக்கும், அவர்களும் கடைசியாகத்தான் எடுப்பார்கள். நான் வேலைக்கு முன்பே ஒரு தொகையைச் சொல்லிக் கையில் வைத்துவிடுகிறேன், அவர்களுடைய வழக்கமான வேலையில் அத்தனை மணித்தியாலத்துக்கு என்ன வருமோ அதற்குக் குறையாமல்.

போகிற காலமும் முக்கியம். ஜூன் 13 அந்தோனியார் திருநாள். மே பிறந்தால் சுரூப வேலைக்காரர் யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது, நத்தாருக்கு முன்பும் அப்படியே. அட்சய திருதியைக்குக் கிட்ட செட்டியார் தெருவில் பொம்மையோடு போய் நிற்காதீர்கள். ஆடிவேல் நாட்களில் அந்தத் தெருவுக்குள் நுழைவதே பெரும்பாடு. நடன உடுப்புக் கடைகளுக்கு நவராத்திரியும் அரங்கேற்றக் காலமும் ஆகாது. நான் வழக்கமாகச் செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு சுற்றுப் போவேன். அப்போதுதான் மூன்று இடத்திலும் உட்காரக் கதிரை தருவார்கள்.